‘ட்ரிப்’ எது, ‘ஜேர்னி’ எது? பயணத்துக்கும் பாதைக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்கள்

ஆங்கில–தமிழ் அகராதியில் ‘ட்ரவல்’, ‘ஜேர்னி’, ‘ட்ரிப்’, ‘வொயேஜ்’ என்ற நான்கு சொற்களையும் தேடிப் பாருங்கள். நான்குக்கும் எதிரே ‘பயணம்’ என்றுதான் இருக்கும். ‘ரோட்’, ‘ஸ்ட்ரீட்’, ‘பாத்’, ‘ட்ராக்’, ‘ரூட்’ என்று தேடினால் பாதை, வீதி, வழி என்ற மூன்றும் மாறி மாறி வரும். ஆங்கிலத்தைப் புதிதாகப் படிக்கும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைப்பதில் வியப்பில்லை. வன்னியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் அதிகமாகச் சிவப்பு மை செலவழிப்பது இந்தச் சொற்களில்தான். பிள்ளைகள் இலக்கணத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். எந்தச் சொல் பயணத்தின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஒரே பயணத்தை ஒரு சொல் ‘போய்வந்தது’ என்ற கணக்காகப் பார்க்கும். இன்னொரு சொல் இடையில் கழிந்த தூரத்தையும் நேரத்தையும் பார்க்கும். வேறொன்று எதன் மேல் போனோம் என்பதைப் பார்க்கும். பாதைச் சொற்களும் அப்படித்தான்: அந்தப் பாதையை யார் உண்டாக்கினார்கள், அதன் இரு பக்கத்திலும் என்ன இருக்கிறது, அதில் எது ஓடும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

டிப்பர்காரர் சொல்லும் ‘ட்ரிப்’

நம் ஊரில் ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட மிகச் சரியாகப் பயன்படுத்தும் ஒரு சொல் ‘ட்ரிப்’. கிரவல் ஏற்றும் டிப்பர் ஓட்டுபவரிடம் கேட்டால் “இன்று நான்கு ட்ரிப் அடித்தேன்” என்பார். வீடு கட்டுகிறவர் “அத்திவாரத்துக்கு மூன்று ட்ரிப் மணல் போதும்” என்று கணக்குச் சொல்வார். பஸ் நடத்துநர் “இதுதான் கடைசி ட்ரிப்” என்பார். இந்த மூன்று பேச்சிலும் ‘ட்ரிப்’ என்பது போய், வேலையை முடித்து, திரும்பி வந்த ஒரு சுற்று. அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லின் அடிப்படை இதுவேதான். திரும்பி வருதல் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. போன இடத்தில் தங்கிய நேரமும் அதில் அடங்கும்.

இதற்குப் பக்கத்தில் ‘ஜேர்னி’யை வைத்துப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் இறங்குகிறார். மூன்று நாள் அங்கே தங்கி, நான்காம் நாள் ஊர் திரும்புகிறார். அந்த நான்கு நாளும் சேர்ந்தது ‘ட்ரிப்’. இரவு முழுவதும் பஸ்ஸில் கழிந்த ஏழெட்டு மணி நேரம் ‘ஜேர்னி’. திரும்பி வந்த இரவு இன்னொரு ‘ஜேர்னி’. ஆகவே ஒரு ட்ரிப்புக்குள் இரண்டு ஜேர்னி இருக்கிறது. “ஜேர்னி எப்படி இருந்தது?” என்று ஒருவர் கேட்டால், சீற் கிடைத்ததா, வழியில் பஸ் பழுதாகி நின்றதா, தூங்க முடிந்ததா என்பதைக் கேட்கிறார். “ட்ரிப் எப்படி இருந்தது?” என்று கேட்டால் போன காரியம் முடிந்ததா, தங்கிய இடம் வசதியா என்பதையும் சேர்த்துக் கேட்கிறார். பதில் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

‘ஜேர்னி’யின் பிறப்பு இதை நினைவில் வைக்க உதவும். பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஒரு நாள்’, ‘ஒரு நாளில் முடியும் நடை அல்லது வேலை’ என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து அது வந்தது. வண்டில் மாட்டுக் காலத்தில் நம்மவர்களும் தூரத்தை ‘ஒரு நாள் நடை’ என்று அளந்திருக்கிறார்கள். இன்று அந்த ‘நாள்’ சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நீண்டுபோவதும், அதற்குச் சிறிது நேரமும் பாடும் தேவைப்படுவதும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டன. அதனால்தான் வாழ்க்கைப் பயணம், கல்விப் பயணம் என்று உருவகமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலம் ‘ஜேர்னி’யைத் தேர்ந்தெடுக்கிறது. அங்கே ‘ட்ரிப்’பைப் போட்டால், வாழ்க்கையைச் சந்தைக்குப் போய்வந்த கணக்கில் சேர்த்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

‘ட்ரவல்’ இந்த இரண்டிலிருந்தும் வேறு. அது குறிப்பிட்ட ஒரு பயணத்தைச் சொல்வதில்லை; பயணம் செய்தல் என்ற செயலைப் பொதுவாகச் சொல்கிறது. தண்ணீரை ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் என்று எண்ணாததைப்போல ‘ட்ரவல்’ என்ற பெயர்ச்சொல்லையும் எண்ணுவதில்லை. ஆகவே அதற்கு முன்னால் ‘எ’ போடக் கூடாது. ‘எ ட்ரிப்’ சரி, ‘எ ஜேர்னி’ சரி, ‘எ ட்ரவல்’ பிழை. நம் பிள்ளைகளின் தாள்களில் நான் காணும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். வினைச்சொல்லாக வரும்போது அதற்கு எந்தத் தடையும் இல்லை. பஸ்ஸில் ட்ரவல் செய்தேன் என்பதை ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். ‘ட்ரவல்ஸ்’ என்று பன்மையில் வருவது, ஒருவர் பல நாடு சுற்றிய நீண்ட அலைச்சலைச் சொல்லும் தனி வழக்கு. நம் ஊர் வான் கம்பனிகளின் பெயர்ப்பலகையில் வரும் ‘ட்ரவல்ஸ்’ இந்திய, இலங்கை வழக்கு. அதைக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம்.

கூடவே வரும் வினைச்சொற்களையும் சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள். ட்ரிப்பில் ‘போகலாம்’, ட்ரிப்பை ‘எடுக்கலாம்’: ‘கோ ஒன் எ ட்ரிப்’, ‘டேக் எ ட்ரிப்’. ஜேர்னியோ ‘மேக்’ என்ற வினையோடு வரும். பெயர்ச்சொல்லைச் சரியாகத் தேர்ந்துவிட்டு, தமிழை நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘டூ’ என்ற வினையைச் சேர்ப்பதுதான் அடுத்த பெரிய பிழை.

கடல் கடந்தால் எல்லாம் ‘வொயேஜ்’ ஆகுமா?

ஆகாது. ‘வொயேஜ்’ என்பது கப்பலிலோ விண்கலத்திலோ போகும் நெடும் பயணம். நாட்கணக்கில், வாரக்கணக்கில் போக வேண்டும். இலத்தீனில் ‘வழிக்குக் கொண்டுபோகும் உணவு’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அது பிறந்தது. அதாவது, நம் கட்டுச்சோறு! கட்டுச்சோறு கட்டாமல் போகக்கூடிய தூரம் வொயேஜ் ஆகாது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இந்த நாளில் சோறு கட்டுகிறோமோ இல்லையோ, அளவு விளங்கிவிடும்.

தலைமன்னாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேர்வார். 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் சில காலம் ஓடியது. சென்னையிலிருந்து கொழும்பு வரையான முழு நீளமும் ஒரு ‘ஜேர்னி’. நடுவில் வரும் கடல் துண்டு இரண்டு மூன்று மணி நேரப் பாடு. அதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘கிராஸிங்’. ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குக் கடப்பது மட்டும் அதன் பொருள். போர் நடந்த 1990களில் நம் மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்களே, அதுவும் ‘கிராஸிங்’தான். தூரம் சிறிது, ஆபத்து பெரிது. ஆனாலும் ‘வொயேஜ்’ என்றால் தவறு. அந்தச் சொல் ஆபத்தை அளப்பதில்லை.

‘வொயேஜ்’, ‘ஜேர்னி’ இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் வந்த கதை ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ரொபேர்ட் நொக்ஸ் 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். கண்டி இராச்சியத்துக்குள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். 1679இல் ஒரு தோழருடன் தப்பி, அநுராதபுரம் வழியாகக் காட்டுக்குள் புகுந்து, அருவியாற்றின் ஓரமாகவே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து அவர் கப்பலில் வந்தது ‘வொயேஜ்’. அருவியாற்றங்கரையில் அவர் நடந்தது ‘ஜேர்னி’. தப்பியதைச் சொல்ல ‘எஸ்கேப்’. ஆற்றின் போக்குக்கு ‘கோர்ஸ்’ என்று பெயர். அவர் ஆற்றின் கோர்ஸைப் பின்பற்றி நடந்தார். கப்பலின் போக்குக்கும் அதே சொல்தான். தன் போக்கில் நகரும் எதற்கும் கோர்ஸ் உண்டு. இந்த ஒருவரின் கதையை ஆங்கிலத்தில் பத்து வரியில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிச் சொற்கள் தாமாகவே இடத்தில் போய் உட்காரும்.

சுற்றுலா, யாத்திரை, நாளாந்தப் போக்குவரத்து

பள்ளிக்கூடத்தில் ‘டூர்’ என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ‘டூர்’ வட்டம் போடும் கருவியைக் குறித்த ஒரு பழைய சொல்லின் வழி வந்தது. பல இடங்களைப் பார்த்துச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் டூர். முல்லைத்தீவிலிருந்து அநுராதபுரம், சிகிரியா, கண்டி, நுவரெலியா என்று நான்கு நாள் சுற்றி வந்தால் அது டூர். காலையில் போய் சிகிரியாவை மட்டும் பார்த்து இரவு திரும்பினால் ‘ட்ரிப்’ அல்லது ‘எக்ஸ்கர்ஷன்’. பரீட்சைத் தாளில் ‘எக்ஸ்கர்ஷன்’ என்று கேட்டிருந்தால், ஒரு குழுவாகப் போன குறுகிய பயணத்தைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘எக்ஸ்பெடிஷன்’ என்பதற்கு நோக்கமும் ஆட்களும் சாமான்களும் வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் துருவத்துக்குப் போவதும் படை புறப்படுவதும் எக்ஸ்பெடிஷன். 1803இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுக்கு எதிராக ஆங்கிலேயர் வன்னிக்குள் அனுப்பிய படையெடுப்பு அந்த வகை. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், அந்த ஆண்டு ஒக்டோபர் 31இல் நடந்த சண்டையைச் சொல்லும் நினைவுக்கல் அதன் அடையாளம். ஆங்கிலப் பதிவுகளை வாசிக்கும்போது இந்தச் சொல் ‘சுற்றுலா’வை ஒத்ததாகத் தோன்றி ஏமாற்றிவிடக் கூடாது.

யாத்திரைக்கு ‘பில்கிரிமேஜ்’. நடந்து போனாலும் ஏசி பஸ்ஸில் போனாலும் சொல் மாறாது. போகும் காரணம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போவது, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் போவது, செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரை ஆகிய மூன்றும் பில்கிரிமேஜ். இங்கே மடுவைப் பற்றி ஒரு குறிப்பு. 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்கள் செய்தது பில்கிரிமேஜ் அல்ல. அவர்கள் உயிருக்கும் விசுவாசத்துக்கும் பயந்து ஓடினார்கள். ஒரே காட்டை நோக்கிய இரண்டு நடைகள், காரணம் வேறு என்பதால் சொல்லும் வேறு.

வவுனியாவில் வீடு, மாங்குளத்துக்கு அப்பால் பாடசாலை என்று தினமும் போய்வரும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது ‘கொமியூட்’. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் போக்குவரத்து அது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்களில், தினமும் போகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்த டிக்கெட்டின் பெயரிலிருந்து வந்த சொல். நம் சீசன் டிக்கெட்டின் முன்னோர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீதி என்ற பொறி

பாதைச் சொற்களில் நம்மை முதலில் தடுக்குவது ‘வீதி’. இலங்கைத் தமிழில் ‘ரோட்’, ‘ஸ்ட்ரீட்’ இரண்டையும் வீதி என்றே எழுதுகிறோம். கொழும்பில் காலி வீதி ஆங்கிலத்தில் ‘ரோட்’. பிரதான வீதி ‘ஸ்ட்ரீட்’. பெயர்ப்பலகையில் தமிழ் வரியை மட்டும் வாசிப்பவருக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை.

‘ரோட்’ ஊரையும் ஊரையும் இணைப்பது. குதிரையில் சவாரி செய்வதற்கான பழைய ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. போதல் அதன் இயல்பு. ‘ஸ்ட்ரீட்’ ஊருக்குள் இருப்பது, இரு பக்கமும் கட்டடம் உள்ளது. கல் பரப்பிய வழி என்ற இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 எங்கே போனாலும் ‘ரோட்’தான். கிளிநொச்சியில் அதன் இரு பக்கமும் கடைகள் நெருக்கமாக இருந்தாலும், அது ஊரைக் கடந்து போவதற்காக இருக்கும் பாதை என்பதால் ‘ஸ்ட்ரீட்’ ஆவதில்லை. வன்னியின் பல ஊர்கள் இப்படி ஒரு பெரிய வீதியின் ஓரமாக வளர்ந்தவை. பரந்தன், மாங்குளம், புளியங்குளம் எல்லாம் சந்தியைச் சுற்றி உண்டானவை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ‘ஸ்ட்ரீட்’ என்றால் என்ன என்பது பழக்கமில்லாத காட்சி. வவுனியாவில் கடைகள் நிறைந்த ஒரு தெருவுக்கோ, யாழ்ப்பாண நகரத்துக்குள்ளோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். நாம் பின்பற்றும் பிரித்தானிய வழக்கில் பிள்ளைகள் ‘இன் த ஸ்ட்ரீட்’ விளையாடுவார்கள், லொறி ‘ஒன் த ரோட்’ ஓடும். தெரு சூழ்ந்திருக்கும் இடம், ரோட் மேலே ஓடும் பரப்பு. முன்னிடைச்சொல்லிலும் அந்த எண்ணம் இருக்கிறது.

‘ரூட்’ கண்ணால் பார்க்கக்கூடிய பாதை அல்ல. எந்தப் பாதைகள் வழியாகப் போவது என்ற முடிவு. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு இரண்டு ரூட் உண்டு. பரந்தனுக்கு ஏறி ஏ-35இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகலாம். அல்லது தெற்கே மாங்குளத்துக்கு இறங்கி ஏ-34இல் ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம். இன்னோர் உதாரணம்: யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் முன்பு வவுனியாப் பக்கம் சுற்றிப் போனார்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழியாக ஏ-32இல் நேரே போகிறார்கள். பழைய ரோட் ஒன்றும் மறைந்துவிடவில்லை, ரூட் மாறிவிட்டது. பிரித்தானிய உச்சரிப்பு ‘ரூட்’. அமெரிக்கர்கள் பலர் ‘ரவுட்’ என்பார்கள்.

காலடியும் சில்லும் காட்டு விலங்கும்

இந்தப் பகுதியில் வன்னிக்காரருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. நகரத்தில் வளர்ந்தவர்கள் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேறுபாடுகள் நம் வீட்டுப் படலையைத் தாண்டினால் கண்ணெதிரே கிடக்கின்றன.

‘பாத்’ காலடியால் உண்டானது, அல்லது காலடிக்காக உண்டாக்கப்பட்டது. கிணற்றுக்கும் அடுப்படிக்கும் இடையே புல் தேய்ந்து வெளுத்துக் கிடக்கும் கோடு, கோயில் குளத்துக்குப் போகும் ஒற்றையடிப்பாதை எல்லாம் பாத். அதில் வாகனம் ஓடாது. வயல் வரம்பு வேறு; அது தண்ணீரைக் கட்டிவைக்க எழுப்பியது, அதன் மேல் நாம் நடக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘பண்ட்’. குளக்கட்டுக்கும் இலங்கையில் அதே சொல்தான். இரணைமடுக் குளக்கட்டில் நடந்து போவதை எழுதும்போது ‘பண்ட்’ என்றே எழுதுங்கள்.

‘ட்ராக்’ சில்லு உண்டாக்கியது. கிரவல்கூடப் போடாத காட்டுப்பாதையில் உழவு இயந்திரம் திரும்பத் திரும்பப் போனால் என்ன ஆகிறது? இரண்டு சில்லுத் தடங்கள் பள்ளமாகும், நடுவில் மட்டும் புல் வரிசையாக நிற்கும். மாரியில் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நின்று செம்மண் குழம்பாகும். அதுதான் ட்ராக்கின் சரியான படம். ரயில் தண்டவாளமும் இதனால்தான் ட்ராக். இங்கே ‘லைன்’ என்பதையும் பிரித்தறிய வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்ற பிறகு போர்க்காலத்தில் வன்னியில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பிடுங்கப்பட்டுப் போயின. ‘ட்ராக்’ இல்லாமல் போனது. ‘நோர்தேர்ன் லைன்’ என்ற பெயர் இருந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி மறுபடி வந்தபோது புதிய ட்ராக்கின் மேல் பழைய லைன் உயிர்த்தது.

‘ட்ரெயில்’ விட்டுச்சென்ற அடையாளங்களின் தொடர். இழுத்துச் செல்வது என்ற பொருளில் பிறந்த சொல். ஒட்டுசுட்டான் பக்கத்தில் இரவில் தோட்டத்துக்குள் யானை வந்துபோனால் காலையில் பாருங்கள். ஈர மண்ணில் வட்டமாகப் பதிந்த அடிகள் ஒவ்வொன்றும் ‘ட்ராக்’, பன்மையில் ‘ட்ராக்ஸ்’. அடிகள், முறிந்த வாழை, மிதிபட்ட வேலிக்கம்பி, லத்தி என்று காட்டோரம் வரை போகும் முழுத் தொடரும் ‘ட்ரெயில்’. அதைப் பின்பற்றிப் போனால் யானை போன திசை தெரியும். பின்பற்றுவதற்கு இருப்பதால்தான் மலையேறுபவர்களுக்காக அடையாளமிட்ட காட்டுவழியையும் ட்ரெயில் என்கிறார்கள்.

‘லேன்’ நம் ஒழுங்கை. ஒடுங்கியது, இரு பக்கமும் எல்லை உள்ளது. கிடுகு வேலியோ கம்பி வேலியோ மதிலோ இரு பக்கத்திலும் இருந்தால்தான் ஒழுங்கைக்கு ஒழுங்கை என்று பெயர். இந்த ‘இரு பக்க எல்லை’ என்ற எண்ணம்தான் லேனின் மற்றப் பொருள்களையும் விளக்குகிறது. பெரிய வீதியில் வெள்ளைக்கோடு பிரிக்கும் பகுதி லேன். ஓட்டப்போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு லேன். கண்ணிவெடி அகற்றும் தளங்களில் வேலை செய்யும் நம் பெண்கள் பலருக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. அடையாளக் கம்புகளுக்கு நடுவே ஒடுக்கமாகச் சோதித்து முன்னேறும் துண்டு அவர்களுக்கு லேன். அந்த எல்லைக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒன்றை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் எந்த வகுப்பறையிலும் குறைவு.

இடம்பெயர்வை எப்படிச் சொல்வது?

இதை நான் வேண்டுமென்றே பிந்தி வைத்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ, புலமைப்பரிசிலுக்கோ, ஒரு நிறுவனத்துக்கோ தன் வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவேண்டிய நிலை வன்னியின் இளைஞர்கள் பலருக்கு வருகிறது. அதில் போரின் கடைசி ஆண்டுகளான 2008, 2009 வருகிறது. அந்த இடத்தில் சொல் தவறினால் வெறும் பரீட்சைப் புள்ளி குறைவதோடு நிற்காது. நடந்தது வேறொன்றாகிவிடும்.

கிளிநொச்சியிலிருந்து கிழக்கே கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனதை ‘ட்ரிப்’ என்றோ ‘ட்ரவல்’ என்றோ எழுத முடியாது; திரும்பி வருவோம் என்ற கணக்கோ, விருப்பமோ அதில் இல்லை. ‘ஷிப்ட்’ என்ற வினையைப் பலர் போடுகிறார்கள். அது வாடகை வீடு மாறுவதைப்போல் ஒலிக்கும். ‘மைக்ரேட்’ என்றால் வேலைக்கோ நல்வாழ்வுக்கோ தானாக முடிவெடுத்துப் போனதாகப் பொருள்படும். சரியான வினை ‘ஃப்ளீ’: ஆபத்திலிருந்து ஓடுதல். அதன் இறந்தகாலம் ‘ஃப்ளெட்’. ‘ஃப்ளூ’ என்று எழுதினால் விமானத்தில் பறந்ததாகிவிடும். பெயர்ச்சொல் இரண்டு வினைக்கும் ‘ஃப்ளைட்’ என்று ஒன்றாகவே இருப்பதால் இந்தக் குழப்பம் எளிதில் வரும். பெருந்தொகையான மக்கள் ஒரே வேளையில் வெளியேறியதற்கு ‘எக்ஸொடஸ்’. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியதை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

‘இடம்பெயர்ந்தோம்’ என்பதற்கு ‘டிஸ்ப்ளேஸ்’. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழில் ‘நாங்கள் இடம்பெயர்ந்தோம்’ என்று செய்வினையில் சொல்கிறோம், பெயர்ந்தவர் நாமே. ஆங்கிலத்தில் இது செயப்பாட்டுவினையில்தான் வரும்: ‘வீ வேர் டிஸ்ப்ளேஸ்ட்’. நாங்கள் பெயர்க்கப்பட்டோம் என்று பொருள். ‘வேர்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் நாங்கள் வேறு யாரையோ இடம்பெயர்த்தோம் என்று பொருள் தலைகீழாகும். பல விண்ணப்பங்களில் அந்த ஒரு சொல் விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

பல முறை இடம்பெயர்ந்தவர்கள் எத்தனை முறை என்பதையும் எழுதலாம். ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ எண்ணத்தக்க சொல்லாகவும் வரும். ஊர் திரும்பியதற்கு ‘ரிட்டேர்ன்’. வேறு காணியில் குடியமர்த்தப்பட்டால் ‘ரீலொகேட்’. அரச அறிக்கைகளில் ‘ரீசெட்டில்’ என்று வருவதைத்தான் நாம் மீள்குடியேற்றம் என்கிறோம். மாதக்கணக்கில் கால்நடையாகவும் உழவு இயந்திரத்திலும் போன அந்த நீண்ட பாட்டைச் சொல்ல ‘ஜேர்னி’யைப் பயன்படுத்தலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். பயன்படுத்தலாம். தூரத்தையும் பாட்டையும் அந்தச் சொல் தாங்கும். ஆனால் ஏன் போனோம் என்பதை வேறொரு சொல் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, ‘வே’

‘வே’க்கு ‘வழி’ என்று எழுதினால் ஏறக்குறைய எப்போதும் சரி. ஊருக்குப் போகும் வழியும் கணக்குச் செய்யும் வழியும் தமிழில் ஒரே சொல்; ஆங்கிலத்திலும் அப்படியே. சிக்கல் முன்னிடைச்சொல்லில் இருக்கிறது. ‘வழியில் யானை நின்றது’ என்று தமிழில் எழுதினால் இரண்டு பொருள் கொள்ளலாம். போகிற போக்கில் ஓர் இடத்தில் யானையைக் கண்டோம் என்பது ஒன்று. அது குறுக்கே நின்று மறித்தது என்பது மற்றொன்று. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கும். முதலாவது ‘ஒன் த வே’, இரண்டாவது ‘இன் த வே’. முறிகண்டிப் பிள்ளையாரடி யாழ்ப்பாணம் போகும் எல்லோருக்கும் ‘ஒன் த வே’; பஸ் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். வீதியில் படுத்திருக்கும் மாடு ‘இன் த வே’. ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது. ‘பை த வே’ என்பதற்குப் பாதையோடு தொடர்பே இல்லை. பேச்சின் நடுவில் ‘அது கிடக்கட்டும், இதைக் கேளுங்கள்’ என்று வேறு விடயத்துக்குத் தாவுவதற்கு அது. சந்தியில் நிற்கும் ‘கிவ் வே’ பலகை மற்ற வாகனத்துக்கு முதலில் வழிவிடச் சொல்கிறது. ஓட்டுநர் அனுமதிப்பத்திரப் பரீட்சைக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது இன்றைக்கே மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.